மாதப்பன் வரிசையில் இல்லாத அட்டை

எங்கள் பகுதித் தமிழர் சங்கத்து மலருக்கு வேலை அனுபவம் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள், அதுவும் கன்னடப் பள்ளியில். தமிழ் எழுத்து வீட்டில் அப்பா சொல்லிக் கொடுத்தது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அது ஒரு சௌகரியம். ஆனாலும் மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பென்ஷன் விஷயமாகப் பழைய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது மைசூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில். அங்கே இப்போது மரப்பெட்டிகள் ஒன்றுமில்லை. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் காவ்யா என்று ஒரு பெண். தமிழ் வீட்டுப் பெண்தான், கன்னடம்தான் சரளமாக வருகிறது, என்னையும் பாட்டி என்காமல் அஜ்ஜி என்றாள். ஒரு பெயரைத் தட்டினாள், கேஸ் முழுவதும் வந்து நின்றது. இது எப்படித் தேடுகிறது என்று கேட்டேன்.

"வரிசையா அடுக்கலேன்னா முதல்ல இருந்து ஒவ்வொண்ணா பாக்கும் அஜ்ஜி. அடுக்கி இருந்தா நடுவுல திறக்கும். வேணுங்கறது அதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு பாத்துட்டு, வேண்டாத பாதியைத் தள்ளிரும். மிச்சத்துல மறுபடி நடு. அப்படியே பாதி பாதியாப் போயி டக்குனு பிடிச்சிரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வேலையைத்தான் நான் இத்தனை வருஷம் கையால் செய்தேன். "பேரே தப்பாக் கொடுத்திருந்தா?" என்று கேட்டேன்.

"இல்லேன்னு சொல்லிரும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அஜ்ஜி? இல்லேன்னா இல்ல."

கம்ப்யூட்டர் வந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தூசியில் இருமி இருமித்தான் என் நெஞ்சு இப்படி ஆனது. ஆனால் அந்த "இல்லேன்னா இல்ல" மட்டும் வீட்டுக்கு வந்த பிறகும் காதில் நின்றது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதையே நினைத்துக்கொண்டு நின்றேன், பால் பொங்கிப் போனது.

நான் வேலைக்குச் சேர்ந்தது சுதந்திரம் வந்து கொஞ்ச வருஷத்தில். அப்பா மண்டி மொஹல்லாக் கடைத்தெருவில் மூட்டை தூக்கியவர். அவருக்கு இடுப்பு போனதும் தெரிந்தவர் ஒருவர் சொல்லி இந்த வேலை கிடைத்தது. பெருக்குவதும் தண்ணீர் வைப்பதும்தான் முதலில். எழுத்துக் கூட்டிப் படிப்பேன் என்று தெரிந்ததும் அலமேலு அம்மாள் என்னை அட்டைப் பெட்டிகளுக்கு மாற்றிக்கொண்டார்.

அலமேலு அம்மாள்தான் அந்த அறைக்குப் பெரியவர். மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் வீட்டம்மா. அந்தக் காலத்திலேயே உத்தியோகம் பார்த்தவர். பேசும்போது தலை நிமிர மாட்டார். கையில் எப்போதும் ஸ்வெட்டர் பின்னுகிற ஊசி ஒன்று இருக்கும். யாராவது விரலில் எச்சில் தொட்டு அட்டையைப் புரட்டினால் அந்த ஊசியால் மேஜையில் ஒரு தட்டு. அடுத்த தட்டு நம் விரலில் விழும்.

வேலை இதுதான். ஆஸ்பத்திரிக்கு வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் அட்டை. மேலே புருஷன் பெயர், அதன் கீழே அவள் பெயர், ஊர், கேஸ் நம்பர். லட்சுமிகளும் கௌரிகளும் கணக்கில்லாமல் வருவார்கள், அதனால் புருஷன் பெயரில்தான் வைக்க வேண்டும் என்று எங்களுக்கு முன்னால் யாரோ முடிவு செய்துவிட்டிருந்தார்கள். அட்டைகள் அந்தப் பெயரின் கன்னட எழுத்து வரிசைப்படி நீளப் பெட்டிகளில் நிற்கும். கேஸ் காகிதங்கள் உள்ளறையில். அவற்றுக்குப் பெயர் வரிசை கிடையாது. சேர்ந்த நாள்படி நம்பர் போட்டுக் கட்டுக் கட்டாகக் கட்டி வைத்திருக்கும். அட்டையைக் கண்டுபிடித்தால் நம்பர் தெரியும், நம்பர் தெரிந்தால் காகிதத்தை எடுக்கலாம்.

அலமேலு அம்மாள் பெட்டியின் நடுவில் ஊசியைச் செருகி, அங்கே நிற்கும் அட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவார். "முன்னாடியா, பின்னாடியா?" நான் சொல்ல வேண்டும். சொன்னதும் ஊசி மிச்சமிருக்கும் பாதியின் நடுவுக்குப் போகும். மறுபடியும் அதே கேள்வி. நாலைந்து கேள்வியில் கை அட்டையின் மேல் இருக்கும். முதல் அட்டையிலிருந்து புரட்டினால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "கோயிலைச் சுத்தறாப்பல சுத்திண்டு நிக்காதே. வாசல்ல பொம்மனாட்டி வலில நிக்கறா" என்பார்.

இன்னொன்றும் சொல்வார். எடுத்த அட்டையை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இடம் மாறிய ஓர் அட்டை தொலைந்த அட்டைக்குச் சமம். பாதி பாதியாகத் தள்ளித் தேடுவது வரிசையை நம்பித்தான். வரிசை பொய்யாகிவிட்டால், தள்ளிவிட்ட பாதியிலேயே அது இருக்கும், நாம் திரும்பிப் பார்க்கவே மாட்டோம். இதை நான் ஒரு மாசத்தில் கற்றுக்கொண்டேன். பேச வேண்டாத வேலை, எனக்கு அது பிடித்திருந்தது. சுவரோரம் நின்று வேலை செய்துவிட்டு, சுவரோரமாகவே வீட்டுக்குப் போய்விடலாம்.

நான் சொல்ல வந்தது ஒரு நாள் மதியச் சாப்பாட்டு வேளையில் நடந்தது. நர்ஸ் மேரி மூச்சு வாங்க வந்து நின்றார். வலியோடு ஒரு பெண் வந்திருக்கிறாள், பழனியம்மா என்று பெயர், ஹனூருக்குப் பக்கத்து ஊர். ஹனூர், கொள்ளேகாலம் பக்கமெல்லாம் அப்போது மெட்ராஸ் ராஜ்யத்தில் இருந்தது, ஆனாலும் அவர்களுக்குக் கிட்டத்து ஆஸ்பத்திரி எங்களுடையதுதான். முதல் பிரசவமும் இங்கேதான், வயிற்றைத் திறந்து எடுத்த பிள்ளை. பழைய காகிதம் உடனே வேண்டும்.

"புருஷன் பேரு?" என்றார் அலமேலு அம்மாள், தலை நிமிராமல்.

"சொல்ல மாட்டேங்கிறாம்மா. பல்லைக் கடிச்சிட்டுத் தலையை ஆட்டுறா. மாமியார் வராந்தாவுல இருக்கு, அதுவும் சொல்ல மாட்டேங்குது."

அலமேலு அம்மாள் என்னைப் பார்த்தார். "நீ போய்க் கேளு. உன் பாஷைக்காரா."

நான் போனேன். வராந்தாவில் ஒரு கிழவி, காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த பெண்கள். குனிந்து காதோடு கேட்டேன்.

"உங்க மகன் பேரு என்னங்க பெரியம்மா?"

"அதை நான் எப்படிச் சொல்லுவனுங் அம்மிணி?"

"நீங்க பெத்த பிள்ளைதானே?"

"பெத்தது நானுங். பேரு எங்க மாமனாரோடதாச்சே. அந்தப் பேரை வாயில வெச்சா நாக்கு அழுகிப் போயிருமுங்க."

"அப்ப மகனை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"'ஏ சாமி'ம்பேன். வருவான்."

பக்கத்தில் இருந்த ஒருத்தி சிரித்துவிட்டாள். "சும்மா சொல்லு பாட்டி. நாக்கு அழுகினா இங்கேயே காட்டிக்கலாம்."

"இது புள்ளை பெக்கற ஆஸ்பத்திரி. நாக்குக்கெல்லாம் இங்க பாப்பாங்களா?" என்றாள் இன்னொருத்தி.

"உங்க நாக்கு நல்லா இருக்கட்டுமுங் தாயி" என்று கிழவி அவர்களை ஒரு பார்வை பார்த்தாள். மகனைக் கூட்டி வர முடியுமா என்று கேட்டேன். அவர்கள் மலைக்குக் கீழே ஓடும் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் காட்டில் மூங்கில் வெட்டப் போயிருக்கிறானாம். ஆள் அனுப்பினாலும் வந்து சேர நாளாகும். உள்ளேயிருந்து அந்தப் பெண் கத்துவது கேட்டது. கிழவி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து மெதுவாகச் சொன்னாள்.

"எங்க மலை மேல இருக்கறாரே, புலி மேல வாரவரு. அவரு பேருதானுங். நீயே சொல்லிக்கோ."

"மாதேஸ்வரனா?"

"சாமிக்கு அது. எங்கூட்ல அப்பன்னு முடியும்."

"மாதப்பன்." அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நான் ஓடினேன்.

மாதப்பன் என்றதும் அலமேலு அம்மாளின் ஊசி ஒரே நொடியில் அந்த இடத்துக்குப் போய்விட்டது. அதன் பிறகுதான் வந்தது கஷ்டம். மலையைச் சுற்றி இருக்கிற ஊர்களில் வீட்டுக்கு ஒரு மாதப்பன். பெட்டியில் ஒரு சாண் அகலத்துக்கு மாதப்பன்கள் நின்றார்கள். எல்லாம் ஒரே பெயர், முன்னாடி பின்னாடி என்று கேட்க வழியில்லை.

"இனிமே ஊசிக்கு வேலையில்லை. ஒண்ணொண்ணாத்தான் பாக்கணும். நீ அந்தக் கோடிலேர்ந்து வா, நான் இந்தக் கோடிலேர்ந்து வரேன்" என்றார்.

இரண்டு பேரும் புரட்டினோம். புருஷன் மாதப்பன், பெண் சிவம்மா. புருஷன் மாதப்பன், பெண் தாயம்மா. பழனியம்மாவைக் காணோம். நடுவில் எங்கள் விரல்கள் இடித்துக்கொண்டன. இடம் மாறி இருக்குமோ என்று மாதய்யன்களைப் பார்த்தோம், மாதேகௌடர்களையும் பார்த்தோம். ஓர் அட்டையைப் பார்த்தேனா பார்க்கவில்லையா என்றே தெரியாமல் அதையே திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அதற்குள் டாக்டரம்மாவே வாசலுக்கு வந்துவிட்டார். கையில் சோப்பு நுரை, துடைக்கக்கூட இல்லை. கன்னடத்தில் சொன்னார். வெளியே தெரிகிற தழும்பை வைத்து உள்ளே எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. கர்ப்பப்பையில் கீழே குறுக்காக வெட்டியிருந்தால் வலியிலேயே பிள்ளை பிறக்க விடலாம். மேலே நெடுக வெட்டியிருந்தால் வலி ஏற ஏறப் பை கிழிந்துவிடும், தாயும் போவாள், பிள்ளையும் போகும். அப்படியானால் இப்போதே ஆபரேஷன் செய்ய வேண்டும். ஆனால் ரத்தம் கொடுக்க அவளுக்கு ஆள் இல்லை. தேவையில்லாமல் இரண்டாம் தடவை திறந்தால் அதிலேயே போய்விடக்கூடும். "எது என்று தெரியாமல் நான் கத்தியை எடுக்கவும் முடியாது, எடுக்காமல் இருக்கவும் முடியாது" என்று சொல்லிவிட்டு வேகமாகத் திரும்பிப் போனார்.

நான் மறுபடி மாதப்பன்களில் கை வைத்தேன். அலமேலு அம்மாள் பெட்டியை இழுத்து மூடினார். ஸ்டூலில் உட்கார்ந்தார். இப்போது உட்காருகிறாரே என்று தோன்றியது.

"ஏண்டி, எங்காத்துக்காரர் பேரை நான் சொல்லி நீ கேட்டிருக்கியா?"

"இல்லம்மா."

"வேலைல சேரறச்சே கேட்டா. எழுதிக் காமிச்சேன். எழுதத் தெரியாதவா என்ன பண்ணுவா? இன்னிக்கு வாயைத் திறக்காதவா அன்னிக்கு மட்டும் திறந்திருப்பாளா? அன்னிக்கும் இதே ரெண்டு பேர்தானே வந்திருப்பா. அட்டைல மாதப்பன்னு இருக்கவே இருக்காது. இல்லாத இடத்துல போய்த் தேடிண்டிருக்கோம் நாம."

காகிதம் இந்த அறையில்தான் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் இருக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் எந்தப் பெயர் இருக்கிறது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

"போ, போன தடவை என்ன பேர் குடுத்தான்னு கேளு. அது தெரியலேன்னா, என்னிக்கு வந்தான்னு கேளு. கட்டெல்லாம் நாள் வரிசைதான்."

மறுபடி வராந்தாவுக்கு ஓடினேன்.

"போன தடவை வந்தப்ப என்ன பேரு கொடுத்தீங்க?"

"ஆரு கேட்டாங்களோ, என்னத்தச் சொன்னனோ! புள்ள அப்ப சாகக் கெடந்தா அம்மிணி."

"எப்ப வந்தீங்க?"

"அதெல்லாம் ஆருக்கு நெனப்பு..."

"எப்ப வந்தீங்க, சொல்லுங்க!" என்று கத்தினேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. நான் அப்படிக் கத்தியது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். கிழவியும் மிரண்டுபோய் நேராக உட்கார்ந்தாள்.

"தீவாளிக்குங். மலையில தேரு. ஊர் வண்டியெல்லாம் மலைக்குப் போயிருச்சு. வண்டி கெடைக்காம நாங்க பட்ட பாடு..."

"எந்தத் தீவாளி? போன தீவாளியா?"

"அதுக்கு முந்தினதுங். மூத்தது இப்ப ஓடுதே."

உள்ளறையில் அந்த வருஷத்து அடுக்கின் நடுவில் இருந்த காகிதக் கட்டை அலமேலு அம்மாள் உருவினார், மேல் காகிதத்துத் தேதியை நான் படித்தேன். ஜூன் மாசம். பின்னாடி. அடுத்தது செப்டம்பர். இன்னும் பின்னாடி. அடுத்தது நவம்பர் நடு, தாண்டிவிட்டோம். அக்டோபர் கடைசியில் நின்றோம். தீபாவளிக்கு முன்னும் பின்னுமாகச் சில கட்டுகளைத் தரையில் இறக்கி நாடாவை அவிழ்த்தோம்.

"புருஷன் பேரைப் பாக்காதே. பாத்தா அதுலதான் கண்ணு போகும். கையால மறைச்சுக்கோ. அவ பேரையும் ஊரையும் மட்டும் பாரு."

உள்ளங்கையால் மேல் வரியை மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினேன். இங்கேயும் ஊசிக்கு வேலையில்லை, குறுக்கு வழி எதுவும் இல்லை. ஒரு காகிதத்தைப் புரட்டிக்கொண்டே அடுத்ததற்கு ஆலாய்ப் பறந்தது மனசு. நிதானமாகப் பாரு, நிதானமாகப் பாரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது கட்டுக்குள், பாதிக்கு மேல், பழனியம்மா. ஹனூர். கையை எடுத்தேன். புருஷன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மாரப்பன் என்று இருந்தது.

காகிதத்தை எடுத்துக்கொண்டு அலமேலு அம்மாள் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. பின்னாலேயே நானும் ஓடினேன். மேரி வாங்கி, நடந்துகொண்டே படித்தார். "மேல வெட்டு, நெடுக்க" என்று அவர் உள்ளே பார்த்துச் சொன்னது எனக்குக் கேட்டது. தியேட்டர், தியேட்டர் என்று டாக்டரம்மாவின் குரல். பிறகு கதவு மூடிக்கொண்டது.

வராந்தாவில் கிழவி என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். மாரப்பன் யார் என்று கேட்டேன்.

"என்ற தம்பிங்! இவளைப் பெத்தவன். தம்பி புள்ளையைத்தானே என்ற பையனுக்குக் கட்டுனது. ஆரு வூட்டுப் புள்ளைன்னு கேட்டிருப்பாங்க, சொல்லியிருப்பேன். தம்பி பேரைச் சொல்றதுக்கென்ன?"

அவளை என்ன சொல்ல? எழுதியவரையும் என்ன சொல்ல? ஒரு பெயர் வேண்டும் என்றார்கள், ஒரு பெயர் கொடுத்தாள். சொல்லக்கூடிய பெயராகப் பார்த்துக் கொடுத்தாள்.

ரெக்கார்டு ரூமுக்கு யாரும் வந்து என்ன ஆயிற்று என்று சொல்வதில்லை. அங்கே அது வழக்கமில்லை. எல்லாம் முடிந்த பிறகு காகிதம் எங்கள் கூடைக்குத் திரும்பி வரும். வீட்டுக்குப் போனாள் என்று கடைசி வரியில் எழுதியிருக்கும், இல்லாவிட்டால் இன்னொன்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துத்தான் நாங்கள் தெரிந்துகொள்வோம். வார்டுக்குப் போய்க் கேட்கலாம்தான். வாசல் வரைக்கும் போவேன், மேரி யாருடனாவது பேசிக்கொண்டிருப்பார், திரும்பி வந்துவிடுவேன்.

காலையில் வந்ததும் முதலில் கூடையைப் பார்ப்பேன். மதியம் பார்ப்பேன். மேலே இருக்கிற காகிதங்களைத் தூக்கி அடியிலும் பார்ப்பேன். கட்டுக்குள் அந்தக் காகிதம் இடம் மாறியிருந்தால்? அந்தக் கிழவி வேறு தீபாவளியைச் சொல்லியிருந்தால்? கிடைத்துவிட்ட காகிதம்தான், ஆனாலும் கிடைக்காமல் போயிருக்கக்கூடிய வழிகளே மனசில் ஓடின.

"கூடையையே பாத்துண்டிருந்தா காகிதம் வந்துடுமா?" என்பார் அலமேலு அம்மாள். அவரும் நான் திரும்பாத சமயம் பார்த்து ஒரு தடவை கூடைப் பக்கம் போய் வருவார்.

காகிதம் வரவில்லை. ஒரு நாள் காலையில் வாசலில் நிழல் தட்டியது. வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைச் சுவரில் ஊன்றி, ஒரு சின்னப் பெண் நின்றாள். பதினெட்டு வயசுகூட இருக்காது. நான் அதுவரை அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை, கத்தலைத்தான் கேட்டிருந்தேன். பின்னால் கிழவி, துணியில் சுற்றிய குழந்தையோடு.

"உங்களைப் பாத்துட்டுத்தான் போவோணும்னு நிக்கிறா. வூட்டுக்கு அனுப்பிட்டாங்க" என்றாள் கிழவி. "பொட்டப் புள்ள. என்னமா கத்துது தெரியுமா? இந்த அம்மிணி மாதிரியே!"

நான் பெட்டிக்குப் பின்னால் ஒதுங்கினேன். அலமேலு அம்மாள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பிறகு அவர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு காலிப் பெட்டியை இழுத்து வைத்தார். புது அட்டை ஒன்றை எடுத்து, பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே ஒவ்வொருத்திக்கும் ரெண்டு அட்டை. புருஷன் பேர்ல இருக்கறது அங்கேயே இருக்கட்டும். இது அவ பேர்ல." ஆஸ்பத்திரிப் பெரியவர்களிடம் உத்தரவு கேட்டாரா, கேட்கவில்லையா, எனக்குத் தெரியாது.

"உன் பேர் என்னம்மா?"

கிழவி வாயைத் திறந்தாள். அலமேலு அம்மாள் ஊசியைத் தூக்கிக் காட்டினார். "அவ சொல்லட்டும்."

அந்தப் பெண் மாமியாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். என்னையும்விட மெல்லிய குரல், மறுபடி கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. பழனியம்மா. மேல் வரியில் பெரிதாக.

அட்டையைக் காலிப் பெட்டியில் நிறுத்தினேன். முட்டு ஒன்றும் இல்லாததால் அது மல்லாந்து விழுந்தது. எடுத்து நிறுத்தினேன், மறுபடி விழுந்தது. அவர்கள் போன பிறகு, எழுதாத அட்டைகள் ஒரு கை நிறைய எடுத்து அதன் பின்னால் அடைத்து நிற்க வைத்தோம். மத்தியானத்துக்குள் அடுத்தவள் வந்துவிட்டாள். வெற்று அட்டையில் ஒன்றை உருவினேன்.